லாத்தா வீட்டு ஊற்று

பெண் பார்க்க வந்தபோது மாப்பிள்ளைக்கு ரயில்வேயில் வேலை என்றார்கள், கடலூர் முதுநகரில் தனி வீடு என்றார்கள், மாமியார் நாத்தனார் தொந்தரவு இல்லை என்றார்கள். அந்தத் தெருவில் கிணற்றுத் தண்ணீர் உப்பு என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை.

நான் சிதம்பரத்தில் பிறந்து வளர்ந்தவள். எங்கள் வீட்டுக் கிணற்றில் ஐப்பசி கார்த்திகையில் கையாலேயே மொண்டு குளிக்கலாம். தண்ணீரைப் பற்றி ஒருநாளும் நினைத்ததில்லை. முதுநகர் வந்தபின் தண்ணீரைத் தவிர வேறெதையும் நினைக்க முடியவில்லை. பருப்பு வேகாது. சோப்பு நுரைக்காது. மூன்றே மாதத்தில் என் தலைமுடி தென்னை நார் போல ஆகிவிட்டது. குடிப்பதற்கு மட்டும் காலையில் மாட்டுவண்டியில் பீப்பாய் வரும். வீட்டுக்கு இரண்டு குடம். அது தீர்ந்தால் மறுநாள் காலைதான்.

“என்னங்க, சிதம்பரத்துக்கு மாத்தல் கேளுங்களேன்” என்பேன் கணவரிடம்.

“கேட்டிருக்கேன். வரும்” என்பார். கேட்டிருக்கவில்லை என்று எனக்குத் தெரியும்.

எங்களுக்கு அடுத்த வீடு லாத்தாவுடையது. லாத்தா என்றால் முஸ்லிம் வீடுகளில் அக்கா. தெருவில் இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் என்று எல்லாருமே அவரை அப்படித்தான் அழைத்தார்கள். நாற்பது வயதிருக்கும். கணவர் பினாங்கில் மளிகைக் கடை வைத்திருந்தார். மூன்று நான்கு வருடத்துக்கு ஒருமுறை வந்து, மூன்று மாதம் இருந்துவிட்டுப் போவார். ஒரே மகளைப் பரங்கிப்பேட்டையில் கட்டிக்கொடுத்தாயிற்று. அவ்வளவு பெரிய வீட்டில், அதைவிடப் பெரிய கொல்லையோடு, லாத்தா தனியாக இருந்தார். பகலில்கூட அந்த வீட்டிலிருந்து ஒரு சத்தம் கேட்காது.

லாத்தா குர்ஆன் ஓதுவார். தமிழ் எழுதப் படிக்கத் தெரியாது. மாதம் ஒருமுறை சொந்தக்காரப் பையன் ஒருவன் வந்து பினாங்குக்குக் கடிதம் எழுதித் தருவான். நான் குடிவந்த இரண்டாவது மாதமே அந்த வேலை எனக்கு வந்துவிட்டது.

“ஆம்பளப் புள்ளகிட்ட என்னாத்தச் சொல்லி எழுதச் சொல்றது? சௌக்கியம், சௌக்கியமான்னு ரெண்டு வரி. நீ எழுதும்மா” என்றார் லாத்தா.

அதிலிருந்து மாதம் ஒரு மத்தியானம் நீல நிற விமானத் தபால் தாளை மடியில் வைத்துக்கொண்டு அவர் எதிரில் உட்காருவேன். அவர் சொல்லிக்கொண்டே வருவார். சில சமயம் நடுவில் நிறுத்திவிட்டுக் கொல்லைப் பக்கம் பார்த்தபடி இருப்பார். எழுதி முடித்ததும் ஒருமுறை படித்துக் காட்டுவேன். அந்தக் கடிதங்களில் என்ன இருந்தது என்பதை இன்றுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை. ஒரே ஒரு கடிதத்தைப் பற்றி மட்டும் இங்கே சொல்லியாக வேண்டும்.

எங்களுக்குக் கல்யாணமான அடுத்த வருடம், அறுபதுகளின் நடுவில், கொல்லையில் தென்னை வைப்பதற்காகப் போர் போடச் சொல்லி லாத்தாவின் கணவர் பணம் அனுப்பினார். லாத்தாவுக்கு இஷ்டமில்லை. “உப்புத் தண்ணிக்கு இன்னொரு ஓட்டை எதுக்கு?” என்றார். இருந்தாலும் ஆட்கள் வந்தார்கள். மூன்று மூங்கில்களைச் சேர்த்துக் கட்டிச் சாரம் நிறுத்தி, இரும்புக் குழாயை நாலு பேர் சுற்றிச் சுற்றி இறக்கினார்கள். இரண்டு நாள் வெறும் களிமண் வந்தது. பிறகு சாம்பல் நிற மணல். அதில் சிப்பித் துண்டுகள் கிடந்தன.

நாலாம் நாள் மத்தியானம் நான் வீட்டில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். பெரிய விலங்கு ஒன்று பெருமூச்சு விடுவது போல ஒரு சத்தம். ஆட்கள் கத்தினார்கள். முறத்தைப் போட்டுவிட்டு ஓடினேன். குழாயின் வாயிலிருந்து முதலில் சேறு துப்பித் துப்பி வந்தது. பிறகு கலங்கல். கொஞ்ச நேரத்தில் தெளிந்த தண்ணீர், யாரும் இறைக்காமல், யாரும் தொடாமல், குழாய்க்கு மேல் ஒரு முழம் எழும்பி, குடை விரித்தது போல நாலா பக்கமும் விழுந்தது. வெயில் பட்டு அந்தக் குடை முழுக்கப் பளபளத்தது.

போர் மேஸ்திரி இரண்டு கையாலும் ஏந்திக் குடித்தார். பிறகு குழந்தை மாதிரி சிரித்தார். “அம்மா, மோட்டாரு வேணாம், கயிறு வேணாம். இது தானா வரும். நிக்காது. சர்க்கரை மாதிரி இருக்கு!”

லாத்தா கதவுக்குப் பின்னால் துப்பட்டியை இழுத்துப் போர்த்தியபடி நின்றிருந்தார். நான் ஒரு சொம்பில் பிடித்துக்கொண்டுபோய்க் கொடுத்தேன். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. லேசாக இரும்பு வாசனை. லாத்தா ஒரு வாய் குடித்துவிட்டு, மீதியை என்ன செய்வதென்று தெரியாதவர் போலச் சொம்பை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றார்.

சாயங்காலத்துக்குள் தெருவே குடத்தோடு வந்துவிட்டது. ஆட்கள் வீட்டுக்குள் நுழைந்து போவது சங்கடம் என்று மறுநாளே கொல்லைச் சுவரில் ஓர் ஆள் நுழையும் அளவுக்கு வழி திறக்கச் சொன்னார் லாத்தா. காலையில் பெண்கள், மத்தியானத்துக்கு மேல் ஆண்கள் என்று ஏற்பாடு. யாரிடமும் ஒன்றும் கேட்கக் கூடாது என்பது அவர் உத்தரவு.

அந்த மாதங்களை இப்போது நினைத்தால் எல்லாம் கொஞ்சம் பனிக்குள் நடந்தது போலத்தான் தோன்றுகிறது. பனியும் உண்மைதான். மார்கழிக் காலையில் அந்த வெதுவெதுப்பான தண்ணீரின் மேல் ஆவி எழும்பும். அதற்குள் பெண்கள் உருவங்கள் மட்டுமாகத் தெரிவார்கள். வளையல் சத்தம், குடம் மோதும் சத்தம், சிரிப்பு. பாவாடையை மார்பு வரை கட்டிக்கொண்டு அந்தக் குடையின் கீழ் உட்காருவேன். அளவு பார்க்க வேண்டாம், அடுத்த சொம்புக்கு மிச்சம் வைக்க வேண்டாம். தண்ணீர் பாட்டுக்குத் தலையில் விழுந்துகொண்டே இருக்கும். கண்ணை மூடினால் காதில் வேறெதுவும் கேட்காது. மாற்றல் கேட்கும்படி கணவரை நச்சரிப்பதை எப்போது நிறுத்தினேன் என்று எனக்கே தெரியவில்லை.

ஊற்று பொங்கியதும் தெருவில் எல்லாருக்கும் ஆசையும் சேர்ந்து பொங்கிவிட்டது. அதுவரை இரண்டு குடத்துக்குள் அடங்கியிருந்த மனிதர்கள்தானே. சலவைக்காரரும் அவர் மனைவியும் இனி உப்பனாற்றுப் பக்கம் மூட்டை சுமக்க வேண்டாம், கொல்லை ஓரத்தில் நாலு கல் போட்டுத் துவைக்கலாம் என்று நினைத்தார்கள். தெருமுனைப் பள்ளிக்கூடத்து டீச்சரம்மா, வழிகிற தண்ணீருக்கு ஒரு வாய்க்கால் வெட்டிப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனால் பிள்ளைகள் குடிக்கவும் ஆகும், ஒரு தோட்டமும் போடலாம் என்றார். எந்தப் பாத்தியில் டேலியா, எந்தப் பாத்தியில் தக்காளி என்பதுவரை அவரிடம் கணக்கு இருந்தது. கோலி சோடா கம்பெனிக்காரர் ஒருவர் மூன்று தரம் வந்து சுவருக்கு அந்தப் பக்கம் நின்று பேசினார். “இந்தத் தண்ணில கலர் போட்டா மெட்ராஸ் வரைக்கும் போவும். கொல்லைய மொத்தமா நானே எடுத்துக்கிறேன்.”

என் கணவருக்கு வந்தது வீட்டு ஆசை. வாடகை வீட்டில் பிறந்து வாடகை வீட்டிலேயே வளர்ந்தவர். லாத்தாவின் கொல்லையில் தெற்கு மூலை சும்மாதான் கிடந்தது. அதில் ஐந்து சென்ட் கிடைத்தால் போதும் என்று ஆரம்பித்தார். கிழித்த காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் தினம் ஒரு வீடு வரைவார். ஒருநாள் இரண்டு அறை, மறுநாள் மூன்று. நான் முதலில் சிரித்தேன். பிறகு, “குளியலறைக்கு ஜன்னல் கொஞ்சம் உசரமா வைங்க” என்றேன். அப்புறம் தொட்டி. அப்புறம் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு பந்தல், முல்லை படர. அந்த வீட்டில் நான் எத்தனையோ நாள் வாழ்ந்திருக்கிறேன். அதன் சிமெண்ட் தரையின் குளிர்ச்சி இன்னும் என் காலில் இருக்கிறது.

லாத்தா என்ன ஆசைப்பட்டார் என்று யாரும் கேட்கவில்லை. ஊற்று அவருடையது, அவருக்கென்ன குறை என்று விட்டுவிட்டோம். அவர் தினமும் விடிந்ததும் ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு ஊற்றுப் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவார். வருகிற ஒவ்வொருத்தியிடமும் இன்றைக்கு என்ன குழம்பு, பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டதா, மாமியார் என்ன சொன்னாள் என்று கேட்பார். பின்தெருப் பெண்களில் பாதிப்பேரை அதுவரை அவர் பார்த்ததே இல்லை. ஒருநாள் சலவைக்காரர் மனைவி எதையோ சொல்ல, லாத்தா வாய்விட்டுச் சிரித்தார். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அவர் அப்படிச் சிரித்து அதற்குமுன் நான் கேட்டதே இல்லை.

பங்குனிக்குள் சண்டை வந்தது. சலவைக் கல் போட்டால் சோப்புத் தண்ணீர் வாய்க்காலில் கலக்கும் என்றார் டீச்சரம்மா. வாய்க்கால் வெட்டினா எங்க வழியத்தான் மறிக்கும் என்றார் சலவைக்காரர். சோடாக்காரர், எல்லாருக்கும் சேர்த்து ஒரு நல்ல முடிவு தன்னிடம் இருப்பதாகச் சொன்னார். ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் கொல்லையில் கூடி ஆளுக்கு ஒன்று பேசினார்கள். கடைசியில் கதவுக்குப் பின்னாலிருந்து லாத்தா சொன்னார்.

“எடம் அவுங்களுது. அவுங்களக் கேட்டுத்தான் எதுவும். பினாங்குக்கு எழுதுறேன்.”

அவ்வளவுதான், எல்லார் பார்வையும் என் பக்கம் திரும்பிற்று. கடிதம் எழுதுகிறவள் நான்தானே.

அடுத்த இரண்டு நாளும் எனக்குத் தெருவில் ஏகப்பட்ட மரியாதை. டீச்சரம்மா ஒரு டப்பா முறுக்கு கொடுத்துவிட்டு, “பிள்ளைங்க விஷயத்த முதல்ல எழுதிடும்மா” என்றார். சோடாக்காரர் ஒரு டஜன் கலர் பாட்டில் அனுப்பினார். திருப்பி அனுப்பிவிட்டேன். சலவைக்காரர் ஒன்றும் தரவில்லை. எங்கள் துணிகளை மட்டும் அன்று மிக வெள்ளையாகத் துவைத்துக்கொண்டு வந்தார்.

மூன்றாம் நாள் காலை, ஆபீசுக்குக் கிளம்பும்போது, செருப்பு மாட்டியபடியே கணவர் கேட்டார். “மூலை எடத்தப் பத்தி ஒரு வரி எழுதேன்.”

“லாத்தாகிட்ட கேக்காமலா?”

“கேட்டா சங்கடப்படுவாங்க. பினாங்குலேர்ந்து அவரே சொல்லிட்டா அவுங்களுக்கும் சுலபம்.”

அன்று மத்தியானம் லாத்தா சொல்லச் சொல்ல எழுதினேன். ஊற்று வந்த விதம், எத்தனை குடும்பம் பிழைக்கிறது, டீச்சரம்மா கேட்டது, சலவைக்காரர் கேட்டது, சோடாக்காரர் கேட்டது. எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. எல்லாம் முடிந்த பிறகு லாத்தா கொல்லைப் பக்கம் திரும்பிக்கொண்டார். தண்ணீர்ச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

“இன்னொன்னு எழுது. இந்தத் தண்ணிய நீங்க வந்து ஒரு தடவ பாக்கணும். கையில அள்ளிப் பாக்கணும். நீங்க பாக்காம எனக்கு இது கனவு மாதிரியே இருக்கு. அப்டின்னு எழுது.”

எழுதினேன். படித்துக் காட்டினேன். பிறகு, தாளை மடிக்கும் ஓரத்தில் கொஞ்சம் இடமிருந்தது. அதில் லாத்தா சொல்வது போலவே எழுதினேன். பக்கத்து வீட்டார் நல்லவர்கள், தெற்கு மூலையில் ஐந்து சென்ட் அவர்களுக்குக் கொடுத்தால் எனக்கும் துணையாக இருக்கும்.

“இன்னும் என்னம்மா எழுதுற?”

“அட்ரஸ்” என்றேன்.

பதில் வர ஒன்றரை மாதம் ஆனது. அந்த ஒன்றரை மாதம் முழுக்க ஊற்றடியில் எல்லாரும் பதில் வந்துவிட்டது போலவே பேசிக்கொண்டிருந்தார்கள். டீச்சரம்மா விதை வாங்கிவிட்டார். என் கணவர் ஒரு சாயங்காலம் குச்சியும் நூலும் கொண்டுபோய் மூலையை அளந்துவிட்டு வந்தார். எனக்கு மட்டும் ஊற்றின் கீழ் உட்கார்ந்தால் முன்போல் கண்ணை மூட முடியவில்லை.

கடிதம் வந்ததும் லாத்தா பிரிக்காமல் என்னிடம் கொடுத்தார். உரக்கப் படித்தேன். தண்ணீரை விற்க வேண்டாம், அது அல்லாஹ் கொடுத்தது, வருகிறவர்கள் எடுத்துக்கொள்ளட்டும் என்று எழுதியிருந்தார். வாய்க்கால் வெட்டட்டும், சலவைக் கல்லை வாய்க்காலுக்குக் கீழே தள்ளிப் போடட்டும். அடுத்த வரியில் என் குரல் நின்றுவிட்டது.

“படிம்மா.”

“‘நீ கேட்டிருக்கிறபடி தெற்கு மூலையைப் பக்கத்து வீட்டாருக்குக் கொடுக்க எனக்குச் சம்மதம்.’”

லாத்தா என்னையே பார்த்தார். “நான் கேட்டேனா?”

“நான் எழுதினேன் லாத்தா. நீங்க சொல்ற மாதிரி நானே எழுதிட்டேன்.” சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

“என்னான்னு எழுதுனே?”

சொன்னேன். துணையாக இருக்கும் என்று எழுதியதையும் சொன்னேன்.

“அது பொய்யில்லையே” என்றார் மெதுவாக. “கேட்டிருந்தா நானே எழுதச் சொல்லியிருப்பேனே, புள்ள.”

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். கடிதத்தைக் காட்டி அவரே கேட்டார். “வர்றதப் பத்தி என்னா எழுதியிருக்காங்க?”

தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கடைசியில், கையெழுத்துக்கு மேல், ஒரே வரி. “‘இந்த வருஷம் தோதுப்படாது.’”

லாத்தா தலையை ஆட்டினார். எழுந்துபோய் எனக்கு டீ போட்டுக்கொண்டு வந்தார்.

இடம் வேண்டாம் என்று அன்றே கணவரிடம் சொல்லிவிட்டேன். லாத்தாவே நேரில் கூப்பிட்டு எடுத்துக்கொள்ளுங்கள் என்றபோதும் மறுத்தேன். கணவர் என்னோடு நாலு நாள் பேசவில்லை. காலண்டர் தாள்களை மட்டும் கிழித்துப் போடாமல் பெட்டிக்குள் வைத்தார்.

ஒரு வாரம் கழித்து லாத்தா ஒரு சிலேட்டோடு வந்தார். டீச்சரம்மாவிடம் வாங்கியதாம்.

“எனக்கு எழுதக் கத்துக் குடு. இனிமே நானே எழுதிக்கிறேன்.”

அவர் அதைக் குத்திக்காட்டிச் சொல்லவில்லை. எனக்குத்தான் குத்தியது. தினம் ஊற்றடிக் கூட்டம் கலைந்ததும் உட்கார்வோம். ‘ழ’வும் ‘ண’வும் அவரை ரொம்பப் படுத்தின. ஆள்காட்டி விரலைத் தண்ணீரில் நனைத்து ஈர மண்ணில் எழுதிப் பார்ப்பார். ஏழெட்டு மாதத்தில் கோணல்மாணலாக ஒரு பக்கம் எழுதுகிற அளவுக்கு வந்துவிட்டார். முதன்முதலாகத் தானே எழுதிய கடிதத்தை எனக்குக் காட்டவில்லை. மடித்து ஒட்டி, விலாசம் மட்டும் சரியாக இருக்கிறதா என்று கேட்டார். ஒரு ‘ன’ மட்டும் தப்பு. அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டு, சரியாகத்தான் இருக்கிறது என்றேன்.

இதற்குள் தெருவில் வேறு மாற்றம் நடந்துகொண்டிருந்தது. விற்க மாட்டேன் என்றதும் சோடாக்காரர் தன் இடத்திலேயே போர் போட்டார். அங்கேயும் பொங்கியது. பள்ளிக்கூடத்துக்கு யாரோ பெரிய மனிதர் போர் போட்டுக் கொடுத்தார். பின்தெருவில் இரண்டு, கடைத்தெருவில் மூன்று. ஒவ்வொன்று பொங்கும்போதும் அங்கங்கே கூட்டம், கூச்சல், பாயசம். லாத்தா வீட்டுக் குடை ஒரு முழத்திலிருந்து ஒரு சாணாகி, பிறகு குழாய் விளிம்பில் வழிகிற அளவாயிற்று. அடுத்த சித்திரையில் ஒருநாள் காலை நான் போனபோது குழாயின் வாய் காய்ந்திருந்தது. முக்காலியில் லாத்தா உட்கார்ந்திருந்தார். அந்த அமைதி எனக்குப் பழகவே ஒரு மாதம் ஆனது.

மேஸ்திரி வந்து பார்த்துவிட்டு, தண்ணீர் போய்விடவில்லை, கீழே இறங்கியிருக்கிறது என்று சொல்லிக் கைபம்பு ஒன்று மாட்டிக்கொடுத்தார். அடித்தால் வரும். ஆனால் அந்தந்தத் தெருவுக்கு ஒரு பம்பு வந்தபின் இவ்வளவு தூரம் யார் வருவார்கள்? சலவைக்காரர் மனைவி வருவாள். நான் போவேன். சுவரில் திறந்த வழியை மட்டும் லாத்தா அடைக்கவில்லை.

அந்த ஆவணியில் என் கணவருக்குச் சிதம்பரத்துக்கு மாற்றல் வந்தது. இந்தத் தடவை உண்மையாகவே கேட்டிருக்கிறார். கிளம்புகிற அன்று லாத்தா என் கையைப் பிடித்துக்கொண்டு வாசல் வரை வந்தார். எனக்கு அப்போது ஐந்து மாதம்.

சிதம்பரத்தில் எனக்குப் பெண் பிறந்து நடக்க ஆரம்பித்த சமயம், ஒரு கார்டு வந்தது. பெரிய பெரிய எழுத்தில் நாலே வரி. அவுங்க வந்துட்டாங்க. இனிமே போக மாட்டாங்களாம். கடைய வித்துட்டாங்க. புள்ளய எடுத்துக்கிட்டு வா.

அடுத்த வாரமே குழந்தையைத் தூக்கிக்கொண்டு ரயிலேறினேன். அவரை நான் அதுவரை போட்டோவில்தான் பார்த்திருக்கிறேன். போட்டோவில் இருந்ததைவிடக் குட்டையாக, மெலிந்து, வெள்ளைத் தாடியோடு இருந்தார். கட்டம்போட்ட கைலி. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

“கடுதாசி எழுதுற தங்கச்சியா? உங்க கையெழுத்துதான் எனக்குப் பத்திரிகை மாதிரி” என்று சிரித்தார். ஐந்து சென்டைப் பற்றி அவருக்குத் தெரியுமா, லாத்தா சொல்லியிருப்பாரா என்று அந்தச் சிரிப்பில் தேடினேன். ஒன்றும் தெரியவில்லை.

கொல்லைக்குப் போனோம். அவர் பம்பை அடித்துக் காட்டினார். “பொங்குச்சு, குடை மாதிரி விழுந்துச்சுன்னு இவ எழுதுனா. வந்து பாத்தா, அடிச்சா வருது!”

“மெதுவா வந்தா அப்டித்தான்” என்றார் லாத்தா.

மத்தியானம் அவர் தொழுகைக்குப் போயிருந்தபோது, சமையலறையில் இறால் உரித்துக்கொண்டிருந்த லாத்தாவிடம் கேட்டேன். “நீங்களே எழுதுன அந்த மொதக் கடுதாசில என்னா லாத்தா எழுதுனீங்க?”

அவர் தலை நிமிரவில்லை. முகம் மட்டும் லேசாகச் சிவந்தது.

“அதெல்லாம் எதுக்கு உனக்கு? வந்ததுலேர்ந்து தினம் இறால் கேக்குறாங்க. ஒரு நாள்கூட மீன் வேணாமாம். உக்காந்து நீயும் உரி” என்று ஒரு கிண்ணத்தை என் பக்கம் தள்ளினார்.